ஏற்றிய பீரங்கியை இறக்கியவர்

அன்புள்ள ஐயா,

வியட்நாமின் தியன் பியன் பூ போரைப் பற்றிய உங்கள் கட்டுரை முழுக்க, பிரெஞ்சுக்காரர்களை வென்ற வியட்நாமியத் தளபதி ஜியாப்பின் புராணம்தான். எதிரில் நின்ற பிரெஞ்சுத் தளபதிகள் அத்தனை பேரும் முட்டாள்களா? சுற்றிலும் மலை, நடுவில் பள்ளம். அங்கே போய் யாராவது முகாம் போடுவார்களா?

க., புதுச்சேரி

அன்புள்ள க.,

முட்டாள்கள் இல்லை. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த நவார் கணக்குப் போட்டுத்தான் 1953 நவம்பரில் படையை இறக்கினார். முந்தைய ஆண்டு நா சானில் இதே மாதிரி முகாமில் மோதி ஜியாப்பின் படை அடிவாங்கித் திரும்பியிருந்தது. கனரகப் பீரங்கிகளை அந்தக் காட்டுமலையில் ஏற்ற முடியாது என்று நம்பியதுதான் கணக்கில் விழுந்த ஓட்டை.

பிரெஞ்சுப் பீரங்கிப் பிரிவின் தலைவர் கர்னல் பிரோத் ஒற்றைக்கையர். எதிரியின் பீரங்கி வாய் திறந்தால் உடனே அடைத்துவிடுவதாக உறுதி சொல்லியிருந்தார். 1954 மார்ச் 13 மாலை குண்டுகள் விழுந்தபோது அவை எங்கிருந்து வருகின்றன என்றே அவருக்குப் பிடிபடவில்லை. ஜியாப்பின் ஆட்கள் மலைச்சரிவைக் குடைந்து பீரங்கிகளை உள்ளே வைத்திருந்தார்கள். பியாட்ரிஸ் என்ற அரண் அன்றிரவே விழுந்தது. இரண்டு நாளில் பிரோத் பதுங்குகுழிக்குள் போய், கையெறி குண்டின் பின்னைப் பல்லால் பிடுங்கித் தற்கொலை செய்துகொண்டார். முகாமின் தலைவர் தெ காஸ்த்ரிக்கு முற்றுகைக்கு நடுவே ஜெனரல் பதவி கொடுத்தார்கள். வேறென்ன கொடுக்க முடியும்!

ஜியாப் போர்க்கல்லூரியை மிதிக்காதவர், வரலாற்று ஆசிரியர். நான் அவரை வியப்பது வென்றதற்காக அல்ல, அதற்கு முந்தைய ஜனவரி 26க்காக. தேரிழுப்பதுபோல வடம் பிடித்துப் பீரங்கிகளை ஏற்றியாகிவிட்டது. அன்று மாலை தாக்குதல். முந்தைய இரவு முழுக்கத் தூக்கமில்லை, தலைவலிக்கு நெற்றியில் பச்சிலைக் கட்டு. "வெற்றி உறுதியென்றால் அடி, இல்லையேல் வேண்டாம்" என்பது வியட்நாமியத் தலைவர் ஹோ சி மின் சொல்லி அனுப்பியது. காலையில் தாக்குதலை நிறுத்தி, பீரங்கிகளை இறக்கச் சொன்னார். ஏற்றுவதைவிட இறக்குவது ஆபத்து. உருண்ட ஒரு பீரங்கிக்குத் தோ வின் தியன் என்ற வீரர் தன் உடம்பையே முட்டுக்கட்டையாகக் கொடுத்து இறந்தார். பொங்கியெழுந்து நின்ற படையிடம் "திரும்பு" என்று சொல்ல எத்தனை தளபதிகளுக்கு வாய் வரும்?

பீரங்கிகளை மறுபடி ஏற்றிக் குடைந்து வைத்த பிறகுதான் மார்ச்சில் தாக்கினார்; மே 7ஆம் தேதி முகாம் விழுந்தது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி உங்கள் ஊர் நிர்வாகத்தையும் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்தது. இரண்டுக்கும் நான் நேர்க்கோடு போட மாட்டேன். ஆனால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் குடும்பங்கள் புதுச்சேரியில் உண்டு. உங்களுக்குத் தெரிந்த வீடு ஏதேனும் இருந்தால், அந்த ஆண்டைப் பற்றி அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.