‘ஆவன செய்யுமா?’ என்று கேட்டால் ‘ஆவன செய்யப்படும்’ என்றுதான் பதில் வரும்
வாசகர் கேள்வி – பதில்

சட்டப்பேரவையில் உறுப்பினர்கள் அமைச்சர்களைக் கேள்வி கேட்கும் அந்த ஒரு மணி நேரத்தை, அதாவது கேள்வி நேரத்தைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அன்னூர், அவிநாசி, பெருந்துறைப் பக்கத்திலிருந்தே வந்திருந்ததால், இந்த இதழின் பக்கத்தை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் குட்டைக்கு அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தின் குழாய் வந்து சேர்ந்துவிட்டது. தண்ணீர்தான் வந்து சேரவில்லை. ‘அமைச்சர்கிட்டக் கேட்டாங்கன்னு பேப்பர்ல வந்துச்சுங்களே, தண்ணி எங்கீங்க?’ என்று டீக்கடையில் கேட்கிறார்கள். அவையில் கேள்வி கேட்பதால் உண்மையில் ஏதாவது நடக்குமா?
(விவசாயி, அன்னூர் வட்டாரம்)

நடக்கும், ஆனால் அது கேள்வி எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்தது. உங்கள் குட்டையையே எடுத்துக்கொள்வோம். அறுபது ஆண்டுகளாகக் கேட்டுக்கேட்டு ஓய்ந்த திட்டம் இது. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, ரூ.1,916.41 கோடியில் முடிந்து, 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரிநீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி.யை (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி) ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது நோக்கம். இப்போது ஓர் உறுப்பினர் எழுந்து, ‘விடுபட்ட குளங்களுக்குத் தண்ணீர் விட அரசு ஆவன செய்யுமா?’ என்று கேட்டால், ‘திட்டம் செயல்பாட்டில் உள்ளது, உபரிநீர் வரும்போது படிப்படியாக வழங்கப்பட்டு வருகிறது’ என்று அமைச்சர் சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். அந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. உங்கள் குட்டையும் அதில் இல்லை.

அதே கேள்வியை இப்படிப் பிரித்து எழுதிப் பாருங்கள். (அ) இத்திட்டத்தில் அன்னூர் ஒன்றியத்தில் சேர்க்கப்பட்ட குளம் குட்டைகள் எத்தனை. (ஆ) தொடங்கிய நாள் முதல் இன்று வரை அவற்றுள் ஒரு முறையேனும் நீர் சென்றவை எத்தனை. (இ) செல்லாதவற்றுக்கு, ஒவ்வொன்றுக்கும், காரணம் யாது. அது எந்தத் தேதிக்குள் சரிசெய்யப்படும்? இதற்குத் துறையின் செயற்பொறியாளர் கணக்கு எடுத்தே தீர வேண்டும். வினா கோட்டைக்குப் போய், அங்கிருந்து துறைக்கு வந்து, துறையிலிருந்து கோட்டப் பொறியாளருக்கு இறங்கி, அவரிடமிருந்து உங்கள் ஊர் உதவிப் பொறியாளரின் மேசையில் ‘உடன், பேரவை வினா’ என்ற குறிப்போடு வந்து விழும் அந்த இரண்டு மூன்று நாள்களில்தான், பல குழாய்களின் அடைப்பு எடுக்கப்படுகிறது என்பது என் அனுபவம். அமைச்சர் அவையில் பதில் சொல்வதற்கு முன்பே வேலை பாதி முடிந்துவிடுவதும் உண்டு.

மீதி வேலையைச் செய்ய வேண்டியது, அமைச்சரின் பதிலைத் தொடர்ந்து அவையிலேயே கேட்கும் துணைக் கேள்வி. விநாடிக்கு 250 கனஅடி வீதம் 70 நாள் எடுத்தால்தான் 1.5 டி.எம்.சி. கணக்கு வரும். ஆகவே ‘உபரிநீர் வந்தபோது வழங்கினோம்’ என்ற பதிலுக்கு அடுத்த கேள்வி, ‘கடந்த ஆண்டு அன்னூர் நிலையத்தில் மோட்டார் எத்தனை நாள் ஓடியது?’ என்பதுதான். உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதும்போது இந்த இரண்டாவது கேள்வியையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். முதல் கேள்வியை மட்டும் கொடுத்தால், அச்சிட்ட பதில் வந்தவுடன் அவர் ‘நன்றி’ சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

ஆளுங்கட்சி உறுப்பினரே தன் அமைச்சரைக் கேள்வி கேட்கிறார்; கேட்பதற்கு முன் ஐந்து நிமிடம் பாராட்டுகிறார். இது நாடகம்தானே?
(பின்னலாடைத் தொழிலாளி, திருப்பூர்)

பாராட்டு நாடகம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை; ஒரு மணி நேரத்தில் அது தின்கிற நிமிடங்கள் எல்லாம் வேறு தொகுதிகளின் நிமிடங்கள். ஆனால் ஆளுங்கட்சி வரிசையிலிருந்து வரும் கேள்வியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1957இல், அரசின் ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் சுமார் ரூ.1.24 கோடிக்குப் பங்கு வாங்கிய விவகாரம் மக்களவையில் கேள்வியாக எழுந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டு, அந்த ஆண்டு டிசம்பரில் அவையையே உலுக்கியவர் பெரோஸ் காந்தி. அவர் காங்கிரஸ் உறுப்பினர், அதிலும் பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி எம்.சி. சாக்ளா விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆளுங்கட்சி உறுப்பினருக்குத் துறைக்குள் நடப்பது எதிர்க்கட்சிக்காரரைவிட முன்னதாகவே தெரியும். கேட்கத் துணிந்தால் அவர் கேள்வி ஆழமாகவே இறங்கும். துணிகிறவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

கேள்வியைத் துல்லியமாக எழுத வேண்டும் என்கிறீர்கள். நீங்கள் எழுதிக் கொடுத்துப் பலன் கண்டதுண்டா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, காங்கேயம்)

ஒருமுறை தோற்று, ஒருமுறை பாதி வென்றேன். எங்கள் ஊர்ப் பக்கம் மாலை 7.40க்கு ஒரு டவுன் பஸ் உண்டு. மில்லில் இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் மாறும்போது வெளியே வரும் பெண்களுக்கு அதை விட்டால் வேறு வண்டி இல்லை. கால அட்டவணையில் இருக்கும், நிறுத்தத்தில் இருக்காது. பத்துப் பதினைந்து பேர் சாப்பாட்டுத் தூக்கைத் தரையில் வைத்துவிட்டு, தெருவிளக்கின் கீழ் செல்போனில் மணி பார்த்தபடி நிற்பதைப் பல நாள் நானே பார்த்திருக்கிறேன். அன்றைய சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுத்தேன். அவருடைய உதவியாளர் அதைத் திருத்தி, ‘இத்தொகுதியில் பேருந்து வசதியை மேம்படுத்த அரசு ஆவன செய்யுமா?’ என்று ஆக்கிவிட்டார். வந்த பதில் இரண்டு வரி. ‘(அ) போதிய பேருந்துகள் இயக்கப்படுகின்றன. (ஆ) வினா எழவில்லை.’ ‘மேலே கேட்க ஒன்றுமில்லை’ என்று பொருள்படும் இந்த ‘எழவில்லை’ என்ற சொல்லை அதற்கு முன் நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

அடுத்த கூட்டத்தொடரில், தடம், நேரம் இரண்டையும் குறிப்பிட்டு, ‘கடந்த மூன்று மாதங்களில் இந்த நடை இயக்கப்படாத நாள்கள் எத்தனை, காரணம் என்ன?’ என்று மட்டும் எழுதி, ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மூன்று நாளுக்கு ஒரு நாள் வீதம் ஓடவில்லை, ஓட்டுநர் பற்றாக்குறை என்று எழுத்துமூலம் பதில் வந்தது. அந்த ஒரு தாளைக் காட்டித்தான் கிளை மேலாளரிடம் பேச முடிந்தது. வண்டி இப்போது ஓடுகிறது, 7.40க்கு அல்ல, எட்டு மணிக்கு.

வாய்மொழிப் பதில், எழுத்துப் பதில் என்று இரண்டு வகை எதற்கு?
(கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்)

நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்வி கேட்கலாம். குறியிடாததற்குத் தாளில் பதில். துணைக் கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளைக்குக் குறியிட்டவை 20, குறியிடாதவை 230. குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். யாருடைய கேள்வி முதலில் என்பதைக் குலுக்கல் முடிவுசெய்யும். ஒரு மணி நேரத்தில் அந்த இருபதும் எடுக்கப்படுவது அரிது. எடுக்கப்படாதவற்றுக்கு எழுத்துமூலப் பதில் வந்துவிடும்.

புள்ளிவிவரம் வேண்டுமானால் குறியிடாத வினாவே போதும். அமைச்சரின் வாயிலிருந்து ஓர் ஒப்புதல் வேண்டுமானால்தான் நட்சத்திரம் தேவை. செய்தியாளர் மாடத்திலிருந்து நான் பார்த்த காட்சி ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. முதல் பதிலை அமைச்சர் தங்குதடையின்றி வாசித்தார். துணைக் கேள்வி ஒன்று சற்றுக் கோணலாக வந்ததும், அவர் கண் அதிகாரிகள் மாடத்துக்குப் போனது. அங்கிருந்து நான்காய் மடித்த துண்டுச் சீட்டு ஒன்று கைமாறிக் கைமாறி அவர் மேசைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தவர், ‘விவரம் தருவிக்கப்பட்டு உறுப்பினருக்கு அனுப்பி வைக்கப்படும்’ என்றார். சீட்டில் எண் இல்லை என்று அவை முழுவதற்கும் புரிந்துவிட்டது. 2022 ஜனவரி முதல் நம் பேரவையின் கேள்வி நேரம் நேரலையாக வருகிறது. துணைக் கேள்வி வரும்போது அமைச்சரின் முகத்தைக் கவனியுங்கள்.

நான் பெருந்துறைக்காரன். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), ரயில், நூல் விலை பற்றியெல்லாம் எங்கள் எம்.எல்.ஏ.விடம் எழுதிக் கொடுத்துப் பலனில்லை. ஈரோடு எம்.பி.யிடம் கொடுக்கலாமா?
(விசைத்தறி உரிமையாளர்)

கொடுத்தால் அவர் அதை அடுத்த தொகுதிக்குத் தள்ளிவிடுவார். பெருந்துறை சட்டமன்றத் தொகுதி, மாவட்டத்தால் ஈரோடு என்றாலும், மக்களவைக்குத் திருப்பூர்த் தொகுதியில் சேர்ந்தது. கோபிசெட்டிபாளையம், பவானி, அந்தியூரும் அப்படியே. அவிநாசி, மேட்டுப்பாளையம், பவானிசாகர் வாசகர்களுக்கு இன்னும் வேடிக்கை, அவர்களுடைய எம்.பி. நீலகிரித் தொகுதிக்காரர்.

கேள்வி எந்த அமைச்சரின் பொறுப்பில் வருகிறதோ அந்த அவையில்தான் அது செல்லுபடியாகும். ரயிலும் நூல் ஏற்றுமதிக் கொள்கையும் ஒன்றிய அரசின் பொறுப்பு; விசைத்தறி மின்கட்டணம், டவுன் பஸ், குளத்துத் தண்ணீர் ஆகியவை மாநிலத்தின் பொறுப்பு. ஈ.எஸ்.ஐ.யில் இரண்டும் கலந்திருப்பதால், மருந்தகத்தில் மருத்துவர் இல்லை என்பதைப் பேரவையிலும், ஈ.எஸ்.ஐ. கழகத்தின் கொள்கையை மக்களவையிலும் தனித்தனியாகக் கேட்க வைக்க வேண்டும். ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதினால் எல்லாமே ‘எங்கள் வரம்பில் இல்லை’ என்று திரும்பிவிடும்.

கொங்கு நாட்டுக்கும் இந்தக் கேள்வி கேட்கும் மரபுக்கும் பழைய தொடர்பு உண்டா?
(வாசகர், திருச்செங்கோடு)

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உண்டு. குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னவர். அது இரட்டையாட்சிக் காலம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற சில துறைகள் மட்டுமே அமைச்சர்களிடம் இருந்தன. போலீஸும் நிலவரியும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன. கவுன்சிலில், அதாவது அன்றைய சட்டசபையில், கேள்வி கேட்கும் உரிமையே 1892ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. துணைக் கேள்விக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1933இல் தில்லி மத்தியச் சட்டசபையின் தலைவரானார். எந்தக் கேள்வியை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் நாற்காலி அது. பிறகு பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துச் சி. சுப்பிரமணியம், ஒன்றிய உணவு அமைச்சராக இருந்தபோது, 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவித்ததற்காக எத்தனையோ எதிர்ப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதில் சொல்ல அஞ்சாத அமைச்சர்கள் இந்த மண்ணில் பிறந்திருக்கிறார்கள்.

அமைச்சர் அவையில் தவறான பதில் சொன்னால்?
(வழக்கறிஞர், தாராபுரம்)

தவறு என்றால் அவரே திருத்திச் சொல்லலாம். மக்களவையில் உறுப்பினர் சுட்டிக்காட்டவும் சபாநாயகர் நெறிமுறை 115 வழி தருகிறது. தெரிந்தே அவையைத் திசைதிருப்பினார் என்றால் அது அவையின் உரிமையை மீறிய குற்றம், உரிமை மீறல். அந்தத் ‘தெரிந்தே’ என்பதை மெய்ப்பிப்பதில்தான் பெரும்பாலான புகார்கள் படுத்துவிடுகின்றன.

கேள்வி நேரமே இல்லாமல் அவை நடந்ததுண்டா?
(வாசகி, சத்தியமங்கலம்)

உண்டு. 1975 ஜூலையில் நெருக்கடி நிலையின்போதும், 2020 செப்டம்பரில் கொரோனாவின்போதும் நாடாளுமன்றம் கேள்வி நேரமின்றிக் கூடியது. பின்னதில் எழுத்துப் பதில்கள் மட்டும் கொடுத்தார்கள். துணைக் கேள்வியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு கொஞ்சம் என்று அப்போது பார்த்தோம்.

எங்கள் ஊர்ப் பாலம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று அமைச்சர் சொன்ன செய்தித் துணுக்கை இணைத்திருக்கிறேன். ஆண்டுகள் ஓடிவிட்டன. இனி எங்கே போவது?
(ஊராட்சி முன்னாள் உறுப்பினர், அந்தியூர் வட்டாரம்)

அரசு உறுதிமொழிக் குழுவிடம் போக வேண்டும். அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே உள்ள குழு அது. மக்களவையில் 1953 முதல் இயங்குகிறது. நம் பேரவையிலும் உண்டு. மாவட்டங்களுக்கு வந்து ஆய்வும் செய்கிறது. எந்தெந்தச் சொற்கள் உறுதிமொழியாகும் என்று மக்களவைக் குழு ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதும் அதில் உண்டு. நிறைவேற்ற மூன்று மாதம் தவணை. அமைச்சர்கள் தட்டிக்கழிக்கப் பயன்படுத்துவதாக நாம் நினைக்கும் சொல்லையே வாக்குறுதியாகக் கணக்கில் எழுதிவைத்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

குழு உங்கள் மாவட்டத்துக்கு வரும் நாளைச் செய்தித்தாளில் அறிந்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். நகலைத் தொகுதி உறுப்பினருக்கும் அனுப்புங்கள். மனுவில் மூன்று விவரங்கள் வேண்டும்: பதில் சொன்ன தேதி, வினா எண், அமைச்சர் சொன்ன வாசகம். நீங்கள் அனுப்பிய துணுக்கில் வாசகம் தெளிவாக இருக்கிறது. தேதி இருந்த மேல் ஓரம்தான் கிழிந்திருக்கிறது. நூலகத்தில் பழைய இதழ்க் கட்டைப் புரட்டி அந்தத் தேதியை எழுதி அனுப்புங்கள். பேரவை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து வினா எண்ணை நான் எடுத்துத் தருகிறேன்.