ஒன்லைன் ஏலத்தில் கட்டணமும் வரியும்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

போன கிழமை பழைய எஞ்சின், வலை, வீட்டுத் தளபாடம் விற்கிறதற்கு ஏலத் தளம் தொடங்குபவர்கள் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்தது. வேர்ட்பிரஸில் வூகொமர்ஸும் (இணையக் கடை நடத்த உதவும் மென்பொருள்) அதன்மேல் ஒரு ஏல பிளகினும் (ஏலத்துக்கான கூடுதல் இணைப்பு) போட்டிருப்பவர்களே அதிகம் என்பதால் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கிண்ணியா தம்பி ஒருவர்: அண்ணா, 2 இலட்சத்துக்கு ஏலம் போன எஞ்சினுக்கு முழுத் தொகைக்கும் 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி) விழுகிறது. சரியா?

பிழை தம்பி. எஞ்சின் உங்களுடையது இல்லை, ஒரு மீனவர் தன் பழைய எஞ்சினை உங்கள் தளம் வழியாக விற்கிறார், நீங்கள் இடையில் நிற்கிற ஆள். உங்கள் வருமானம் கொமிஷன் மட்டும்தான், வரியும் அதற்குத்தான். வாங்குபவரிடம் 5 வீதம் எடுக்கிறீர்கள் என்றால் 10,000 ரூபாய், அதற்கு வற் 1,800, மொத்தம் 2,11,800. ஏல விலை, கட்டணம், வரி மூன்றும் பில்லில் தனித்தனியாக ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். பொருளின் வரி நிலையை 'வரி இல்லை' என்று மாற்றுங்கள், கட்டணத்தை மட்டும் 'வரி உண்டு' என்று வையுங்கள்.

இதையெல்லாம் செய்ய முன் ஒன்று: வற்றுக்குப் பதிவு செய்திருக்கிறீர்களா? பதிவு இல்லாதவர் வற் என்று பெயர் போட்டு ஒரு சதமும் வாங்கக்கூடாது. 2024 ஜனவரியில் பதிவு எல்லை ஆண்டுக்கு 8 கோடி ரூபாய் வியாபாரத்திலிருந்து 6 கோடிக்கு இறங்கியது. எல்லை அடிக்கடி மாறுகிற விஷயம், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் தளத்தில் இன்றைய தொகையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பதிவு இல்லாத சின்னத் தளங்களுக்கு வரிப் பகுதியை மூடி வைப்பதே சரி.

உப்புவெளி அக்கா: வரியைப் போட்டுவிட்டேன், ஆனால் சிலருக்கு மட்டும் வரி பூச்சியமாகக் காட்டுகிறது.

அவர்கள் முகவரி நிரப்பாதவர்கள் அக்கா. வரி எந்த முகவரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதைக் 'கடையின் முகவரி' என்று மாற்றுங்கள். வீத அட்டவணையில் நாட்டுக்கு எல்கே (LK, இலங்கையின் குறியீடு), மாகாணத்துக்கு நட்சத்திரக் குறி, வீதம் 18. 'கொம்பவுண்ட்' என்ற பெட்டியைத் தொடாதீர்கள், அது வரிமேல் வரி போடுகிற பெட்டி.

இன்னொருவர்: பொருளை ஏலத்துக்குப் போட விற்பவரிடம் வாங்கும் பட்டியலிடும் கட்டணம் 1,000 ரூபாய், வரி உள்ளடக்கம். அப்படியானால் வரி 180 தானே?

இல்லை. 1,000ஐ 118ஆல் பிரித்து 18ஆல் பெருக்குங்கள்: வரி 152.54, உங்கள் கட்டணம் 847.46.

மூதூரிலிருந்து: விற்பவரிடம் வாங்கும் கொமிஷனை 1 இலட்சம் வரை 5 வீதம், அதற்கு மேல் 3 வீதம் என்று போட்டேன். விற்பவர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

வரத்தான் செய்வார்கள், ஏனென்றால் உங்கள் பிளகின் முழுத் தொகைக்கும் ஒரே வீதத்தைப் போடுகிறது. சரியாக 1,00,000க்கு விற்றவர் 5,000 கட்டுகிறார், 1,00,001க்கு விற்றவர் 3,000 கட்டுகிறார், யார் பொறுப்பார்கள்? முதல் இலட்சத்துக்கு 5, மிச்சத்துக்கு மட்டும் 3 என்று படிப்படியாகக் கணக்கிடும் முறைக்கு மாற்றுங்கள். 1,50,000க்கு 6,500 வர வேண்டும். இந்த ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்தாலே அமைப்பு சரியா என்று தெரிந்துவிடும்.

காசு வாங்கும் கேட்வேயின் கழிவை யார் தலையில் போடுவது?

இங்கேதான் பலர் நட்டப்படுகிறார்கள். உள்ளூர் கேட்வே ஒன்றை வைத்துக் கணக்குப் பார்ப்போம். அது 3 வீதம் எடுக்கிறது என்று வையுங்கள். மேலே சொன்ன 2,11,800 முழுதும் அதன் வழியாக வந்தால் 6,354 போகும், உங்கள் பத்தாயிரத்தில் 3,646தான் மிச்சம் (அந்த 1,800 அரசாங்கத்தின் காசு, உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்). அதனால் கட்டணமும் வரியுமான 11,800ஐ மட்டும் ஒன்லைனில் வாங்குங்கள், கழிவு 354 ரூபாயோடு முடியும். எஞ்சினின் விலையைப் பொருள் கைமாறும்போது விற்பவரின் வங்கிக் கணக்குக்கே போடச் சொல்லுங்கள்.

வற் வீதம் மாறினால் பழைய பில்களுக்கு என்ன ஆகும்?

எனக்கே நடந்தது. 2022 ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரி 1இல் 18. நான் பார்த்துக்கொடுத்த ஒரு தளத்தில் பில் திறக்கும் ஒவ்வொரு தடவையும் வரியைப் புதிதாகக் கணக்கிடுகிற மாதிரி எழுதி வைத்திருந்தேன், ஜனவரியில் டிசம்பர் பில்கள் எல்லாம் 18 காட்டின. இரண்டு இரவு உட்கார்ந்து திருத்தினேன். பில் போடும்போதே வீதத்தையும் தொகையையும் அதோடு சேமித்துவிடுங்கள். கட்டண வீதமும் அப்படித்தான், ஏலம் தொடங்கிய நாளில் இருந்ததே முடியும்வரை.

கட்டணத்தை வென்ற பிறகு காட்டினால் போதாதா? முதலே காட்டினால் விலை கேட்கிறவர்கள் குறைகிறார்கள்.

போதாது. கரையில் மீன் ஏலம் கூறும்போது கூறுபவருக்கு எவ்வளவு என்று நிற்கிற எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் விலை கேட்கிறார்கள். போனில் கேட்பவருக்கும் அதே உரிமை உண்டு. விலை கேட்கும் பொத்தானுக்கு நேர் மேலே 'இந்த விலைக்கு வென்றால் நீங்கள் கட்டுவது இவ்வளவு' என்று முழுத் தொகை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கடன் எடுத்து எஞ்சின் வாங்க வருகிற மனிதரிடம் கடைசியில் 11,800ஐ நீட்டுவது அநியாயம்.

விற்காமல் போனால் பட்டியலிடும் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கணுமா?

உங்கள் விருப்பம், ஆனால் கொடுத்தால் அதோடு வாங்கிய வரியையும் சேர்த்துக் கொடுங்கள், பில்லை அழிக்காமல் வரவுச்சீட்டு (திருப்பிக் கொடுத்த தொகையைக் காட்டும் சீட்டு) ஒன்று போடுங்கள்.