பெட்டியில் இரண்டாயிரம், தராசில் 480

கே: வாரம் ஒருமுறை, காந்தி வீதி ஞாயிறு சந்தைக்குப் போகத்தான் காரை எடுக்கிறேன். பாதி நாள் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி இறங்கினால் காரைக் கிளப்ப உதவும் கையடக்க பூஸ்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறான் மகன். வாங்கலாமா?
- ஓய்வு பெற்ற ஊழியர், லாஸ்பேட்டை

ப: பேட்டரிக்கு என்ன வயது என்று எழுதவில்லையே, ஐயா. நம் பக்கத்து வெயிலில் நான்கு ஆண்டு உழைத்தாலே அது நல்ல பேட்டரி. காலையில் வண்டியைக் கிளப்புமுன் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போனால் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் கோளாறு, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம்.

பேட்டரி பழையதில்லை, ஆல்டர்னேட்டரும் சரி என்றால், வாரம் முழுக்க நின்றதில் இறங்கிய சார்ஜ் சந்தைக்குப் போய்வரும் தூரத்தில் ஏறவில்லை என்று பொருள். நடுவில் ஒரு நாள் காலாப்பட்டு வரை ஓட்டிவிட்டு வாருங்கள். விளக்கை அணைக்க மறக்கும் பழக்கம் இருந்தால் பூஸ்டரும் வாங்கலாம். சாகக் கிடக்கும் பேட்டரிக்குத் துணையாக மட்டும் வாங்காதீர்கள். அந்தப் பணத்தைப் புது பேட்டரியில் போடுங்கள்.

கே: ஒரே விலையில் இரண்டு பூஸ்டர்கள். ஒன்றில் 1000 ஆம்ப் என்றும் மற்றதில் 2000 ஆம்ப், 99,800 எம்ஏஎச் என்றும் போட்டிருக்கிறது. என்னுடையது டீசல் வண்டி. பெரியதைத்தானே வாங்க வேண்டும்?
- நெல்லிக்குப்பம் வாசகர்

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஆம்ப், கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும் வரும் உச்ச அளவு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இரண்டு மூன்று விநாடி விடாமல் மின்சாரம் வேண்டும். அந்த அளவைப் பெரும்பாலும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். சில கம்பெனிகள் அதுவும் போடுவதில்லை. போடாததை வாங்காதீர்கள். டீசல் இன்ஜினில் அழுத்தம் அதிகம்; அதைச் சுழற்றச் சிறிய பெட்ரோல் காருக்குத் தேவையானதைப்போல் இரண்டு மடங்குகூட வேண்டியிருக்கும். 'டீசல், இத்தனை லிட்டர் இன்ஜின் வரை' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த புளுகு எம்ஏஎச், அதாவது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற எண். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. உங்கள் கார் 12 வோல்ட். 20,000 என்று போட்டிருந்தால், அது உண்மையாகவே இருந்தாலும், 12 வோல்ட் கணக்கில் ஆறாயிரத்துச் சொச்சம்தான். 3.7 வோல்ட்டில் 99,800 எம்ஏஎச் என்பது 369 வாட் மணி ஆற்றல். அவ்வளவைத் தாங்கும் லித்தியம் செல்கள் குறைந்தது ஒன்றரைக் கிலோவாவது எடை இருக்கும். பெட்டி உள்ளங்கையில் பூப்போல உட்கார்ந்தால் சந்தேகப்படுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் நான் காசு கொடுத்துக் கற்றது. ஏறக்குறைய இதே எண்கள் போட்ட ஒன்றை இணையத்தில் 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். பிறகு சந்தேகம் வந்து தெருமுனைக் காய்கறிக் கடைத் தராசில் வைத்தேன்: 480 கிராம். கத்தரிக்காய் வாங்க வந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதன் ஒயர் பிளெண்டர் ஒயரைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்.

அதற்கு முன்பு வாங்கியது நல்ல பொருள், கெட்டவன் நான். ஏழு மாதம் டிக்கியிலேயே போட்டு வைத்தேன். ஒரு மழை இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் நின்றபோது எடுத்தால், பேட்டரியோடு பூஸ்டரும் செத்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள், லித்தியம் உப்பிக்கொள்ளும்.

கே: அவசரத்தில் சிவப்புக் கிளிப்பை மைனஸில் மாட்டிவிட்டேன். வேலை செய்யவில்லை என்று பூஸ்ட் பொத்தானையும் அழுத்தினேன். புகை வந்தது. பில் வாங்கவில்லை. கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார்.
- அரியாங்குப்பம் வாசகர்

ப: நானாக இருந்தாலும் மறுப்பேன். பல பூஸ்டர்களில் அந்தப் பொத்தானை அழுத்தினால் தலைகீழ் இணைப்புக்கான பாதுகாப்பே விலகிவிடும். கையேட்டில் இருக்கும், பிரித்திருந்தால்.

கே: கருப்புக் கிளிப்பை பேட்டரி மைனஸில் மாட்டலாமா, இன்ஜினிலா?
- முத்தியால்பேட்டை வாசகி

ப: சிவப்பை பேட்டரி பிளஸில். கருப்பை, பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியலாம். அதன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டின்படி செய்யுங்கள். கழற்றும்போது கருப்பு முதலில்.

கே: வாடகைக் கார் ஓட்டுகிறேன். இணையத்தில் 6,499 ரூபாய் கொடுத்து பூஸ்டர் வாங்கினேன். பதினோராம் நாள் விடியற்காலை, டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவரை ஜிப்மருக்கு அழைத்துப்போக வேண்டும். முழு சார்ஜ் காட்டியும் பூஸ்டர் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. அவர் வேறு வண்டியில் போனார். 'ஏழு நாள் கடந்துவிட்டது, திருப்பி எடுக்க முடியாது' என்கிறார்கள்.
- ஓட்டுநர், செம்மண்டலம், கடலூர்

ப: தம்பி, விடாதீர்கள். ஏழு நாள் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. குறையுள்ள பொருளுக்குச் சட்டப்படி உள்ள உரிமையை அது பறிக்காது. பூஸ்டர் சார்ஜ் காட்டுவதையும் வண்டி எடுக்காததையும் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 'பிழைப்புக்காக நானே ஓட்டுகிறேன்' என்று மனுவில் எழுத மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வணிகத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு நழுவப் பார்க்கும். அன்று இழந்த வாடகையையும் சேர்த்துக் கேளுங்கள். மனு எழுதத் தடுமாறினால் மீண்டும் எனக்கு எழுதுங்கள்.

கே: மழைத் தண்ணீர் கார் சீட் வரை ஏறி வடிந்துவிட்டது. பூஸ்டர் போட்டுக் கிளப்பினால் இழுவை வண்டிக் கூலி மிச்சம்தானே?
- வில்லியனூர் வாசகர்

ப: சாவியையே தொடாதீர்கள். 2024இல் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் தெருக்காரர் ஒருவர் இப்படித்தான் மிச்சம் பிடித்தார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்து, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்தது.

கே: வீடு சில்வர் பீச் அருகே. பேட்டரி வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. சில காலைகளில் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஸ்டர் வாங்குங்கள், 5,000 ரூபாய் என்கிறது பேட்டரி விற்ற கடை.
- இல்லத்தரசி, தேவனாம்பட்டினம்

ப: அம்மா, அந்தப் பூப்புதான் காரணமாக இருக்கும், உப்புக் காற்று அதை இன்னும் வளர்க்கும். மெக்கானிக்கைக் கொண்டு, முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றச் சொல்லுங்கள். வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் தேய்த்து, துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவ வேண்டும். அதன் பிறகும் 'டிக் டிக்' கேட்டால், வாரன்டி அட்டையோடு அதே கடைக்குப் போய், உங்கள் கண்ணெதிரே பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.