பெரிய லாரியும் பக்கத்தில் நாமும்

கேள்வி: பெரிய லாரியால் விபத்து என்றாலே வண்டியைக் குறை சொல்கிறார்கள். ஓட்டுநர் கவனமாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது. எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநராக இருந்தாலும் தெரியாததைப் பார்க்க முடியாதே! கேபின் அவ்வளவு உயரத்தில் இருப்பதாலும், பின்னால் சரக்குப் பகுதி மறைப்பதாலும், முன் பம்பரை ஒட்டி நடப்பவரும், ஓட்டுநருக்கு மறுபக்கக் கதவோரம் வரும் சைக்கிளும், பின்னாலேயே ஒட்டி வரும் பைக்கும் அவர் கண்ணில் படவே மாட்டார்கள். லாரியில் பக்கக் கண்ணாடிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம், ஆனால் திரும்புகிற அந்த இரண்டு மூன்று நொடியில் எல்லாவற்றையும் பார்க்க யாரால் முடியும்? லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, கேபினிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று நட்சத்திரம் போட்டு, அதை வைத்து அனுமதி தரும் முறையை 2019-ல் கொண்டுவந்தார்கள். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்பேன்.

கேள்வி: திருப்பத்தில் லாரி எதிர்ப்பக்கமாக ஒதுங்கியது, வழி விடுகிறது என்று பைக்கை உள்ளே விட்டேன், நசுங்கப் பார்த்தேன். தப்பு யாருடையது?

பதில்: வழி விடவில்லை, திரும்ப இடம் எடுத்திருக்கிறது. நீளமான வண்டியில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வராது, உள்ளே வாங்கும். நீளம் கூடக்கூட அதிகமாக வாங்கும். இனி அந்த இடைவெளியில் நுழையாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: நாலு சின்ன லாரிக்குப் பதில் இரண்டு பெரிய லாரி ஓடினால் விபத்தும் குறையும் என்கிறார் என் நண்பர். சரிதானே?

பதில்: பாதி சரி. வண்டிகள் குறைந்தால் மோதும் வாய்ப்பும் குறையும், மறுக்கவில்லை. ஆனால் இருவழிச் சாலையில் முந்துவதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நீங்கள் 80. லாரியின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் கடக்க நீங்கள் சாலையில் 4 மீட்டர் ஓட வேண்டும். 10 மீட்டர் லாரி 25 மீட்டர் ஆனால், எதிர்த்தடத்தில் கூடுதலாக 60 மீட்டர். எதிரே வருபவரும் அதே 80-ல் வந்தால் அவரும் 60 மீட்டர் நெருங்கியிருப்பார். இதில் லாரி ஓட்டுபவர் செய்ய ஒன்றுமில்லை, ரிஸ்க் முழுக்க முந்துகிறவருக்கும் எதிரே வருபவருக்கும்தான். அப்புறம் எடை. 40 டன் வண்டியும் ஒன்றரை டன் காரும் மோதினால் லாரியின் வேகம் லேசாகத்தான் குறையும், மொத்த அடியும் காருக்குள் இருப்பவர்களுக்கு. நடுவில் தடுப்பு உள்ள நெடுஞ்சாலை பெரிய லாரிக்குச் சரி. குடியிருப்புத் தெருவுக்குள் அதற்கு வேலையில்லை.

கேள்வி: என் காரில் ஆறு ஏர்பேக் இருக்கிறது. அப்புறமும் பயப்பட வேண்டுமா?

பதில்: லாரியின் பின்பக்கம் என்றால் வேண்டும். காரின் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படிதான் செய்கிறார்கள், ஆனால் லாரியின் தளம் பானெட்டைவிட உயரம். கார் அடியில் புகுந்துவிடும், முதலில் மோதுவது கண்ணாடியும் கூரையும். நடிகை ஜேன் மான்ஸ்ஃபீல்ட் 1967-ல் இறந்தது இப்படித்தான். பின்னால் தாழ்வான இரும்புத் தடுப்பு வைப்பது இதற்காகத்தான், அதுவும் உறுதியாக இருந்தால் மட்டுமே பலன். பக்கவாட்டிலும் காரைத் தடுக்கும் அளவுக்கு வலுவான தடுப்பு வேண்டும் என்று அமெரிக்காவில் பல வருஷமாகக் கேட்கிறார்கள், எடையும் செலவும் கூடும் என்று லாரிக்காரர்கள் தரப்பு தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறது.