பாதி வசனமும் முழுக் கடிதமும்

அன்புள்ள ஐயா,

என் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. மூன்று வருடமாக ஒரு சுயாதீன சபைக்குப் போகிறார். போன மாத உபவாசக் கூட்டத்தில் தம்பியின் கடன் தீர வேண்டுமென்று 25,000 ரூபாய் ‘விதை காணிக்கை’ கொடுத்துவிட்டார். அது அவருடைய ஒரு மாதப் பென்ஷன். போதகர் காட்டிய வசனம் 3 யோவான் 2. நூறு மடங்கு திரும்பும் என்றும் சொன்னாராம். நான் கேள்வி கேட்டதும், “அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே” என்று அம்மாவே வாயை அடைத்துவிட்டார். அங்கே சுகம் கிடைத்ததாகப் பலர் சாட்சி சொல்கிறார்கள். பிறகு இதைக் கள்ள உபதேசம் என்று எதை வைத்துச் சொல்வது?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

அம்மாவின் பைபிளையே எடுங்கள். 3 யோவான் மொத்தமே ஒரு அதிகாரம்தான். சத்தமாக வாசித்தாலும் மூன்று நிமிடம் ஆகாது. போதகர் எடுத்த வசனம் இது: “பிரியமானவனே, உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்.” மூப்பர் ஒருவர் காயு என்பவருக்கு எழுதும் கடிதத்தின் தொடக்கம் அது. அந்தக் காலத்துக் கிரேக்கக் கடிதங்கள் இப்படித்தான் ஆரம்பிக்கும். ரோமக் கப்பற்படையில் சேர்ந்த அப்பியோன் என்ற எகிப்து இளைஞன் இரண்டாம் நூற்றாண்டில் தன் அப்பாவுக்கு எழுதிய பாப்பிரஸ் கடிதம் கிடைத்திருக்கிறது. அவனும் ‘நீங்கள் சுகமாயிருக்க வேண்டுகிறேன்’ என்றுதான் தொடங்குகிறான். நாம் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதுவோமே, அதேதான். நலமறிய ஆவல் என்று எழுதிய மாமாவிடம் போய், எனக்குக் கடன் தீர வாக்குக் கொடுத்தீர்களே என்று யாரும் கேட்பதில்லை.

இந்த வசனத்தை இப்படிப் பிரபலமாக்கியதில் அமெரிக்கப் போதகர் ஓரல் ராபர்ட்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. 1947-ல் இதை வாசித்ததுதான் தன் வாழ்க்கையின் திருப்பம் என்று அவரே சொல்லிவந்தார். ‘விதை விசுவாசம்’ என்ற பேச்சும் அவரிடமிருந்துதான் பரவியது. ஆக, அம்மா கேட்டது அப்போஸ்தலர் காலத்து உபதேசம் அல்ல. நம் தாத்தாக்கள் காலத்துச் சரக்கு.

இரண்டாம் வசனத்தோடு நிறுத்தாமல் மேலே வாசியுங்கள். ஒன்பதாம் வசனத்தில் தியோத்திரேப்பு வருகிறான், “முதன்மையாயிருக்க விரும்புகிற” சபைத் தலைவன். யோவானின் ஆட்களை அவன் சேர்ப்பதில்லை; சேர்க்க நினைப்பவர்களையும் தடுத்து, பத்தாம் வசனத்தின்படி, சபைக்கு வெளியே தள்ளுகிறான். கேள்வி கேட்பவர்களை ஒதுக்கும் தலைவனைக் கண்டிக்கிற கடிதத்திலிருந்து ஒரு வரியை மட்டும் உருவி மேடையேற்றியிருக்கிறார்கள்.

உபதேசம் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். வசனம் பொய்யாக இருக்காது, பாதியாக இருக்கும். ‘நூறு மடங்கு’ மாற்கு 10:30-ல் இருக்கிறது. ஆனால் அங்கே “துன்பங்களோடேகூட நூறத்தனையாக” என்று வருகிறது. அந்த முதல் சொல்லை மேடையில் விழுங்கிவிடுவார்கள். பட்டியலில் தாய்களும் இருக்கிறார்கள். நூறு தாய் கிடைப்பது வட்டிக் கணக்கில் வராது. விசுவாசத்துக்காகச் சொந்த வீட்டை இழந்தவனுக்குச் சபையே வீடும் உறவும் ஆகும் என்பதுதான் பேச்சு.

“தொடாதே” விஷயத்துக்கு வருவோம். அந்த வார்த்தை வரும் சங்கீதம் 105:15-ஐ அதன் முந்தைய மூன்று வசனங்களோடு வாசித்தால், கர்த்தர் பேசுவது ராஜாக்களிடம் என்பது தெரியும். ஊர் ஊராக அலைந்த ஆபிரகாம் குடும்பத்துக்குத் தீங்கு செய்யாதே என்கிற எச்சரிக்கை அது. ஆதியாகமம் 20-ல் ராஜா அபிமெலேக்கு ஆபிரகாமின் மனைவி சாராளை அழைப்பித்த கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பலமற்றவனைக் காக்க வந்த வசனத்தைப் பலமுள்ளவன் கேடயமாகப் பிடித்திருக்கிறான். தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுல் அபிஷேகம் பெற்றவர் என்பதால் தாவீது அவன்மேல் கைபோடவில்லை என்பது சரி. ஆனால் குகையில் சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்தபின் வெளியே வந்து, எல்லார் முன்னிலையிலும் அவனிடம் நியாயம் கேட்டார். பவுல் அந்தியோகியாவில் பேதுருவையே முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11). பெரோயா பட்டணத்தாரோ பவுலின் பேச்சையே வேதவாக்கியத்தோடு ஒத்துப்பார்த்தார்கள். அதற்காக வேதம் அவர்களை நற்குணசாலிகள் என்கிறது.

சாட்சிகளைப் பற்றி வாதாடாதீர்கள். ஒருவருக்குச் சுகம் கிடைத்தது உண்மையாகவே இருக்கட்டும். சொன்ன அடையாளம் நடந்தாலும், அதைச் சொன்னவன் தேவனைவிட்டு விலக்கினால் அவனுக்குச் செவிகொடாதே என்கிறது உபாகமம் 13. அற்புதம் உபதேசத்துக்கு முத்திரை ஆகாது.

பணத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். “பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்” என்பது 2 கொரிந்தியர் 9:6. அங்கே காணிக்கை போவது பவுலின் பைக்கு அல்ல, எருசலேமில் கஷ்டப்படும் விசுவாசிகளுக்கு. அடுத்த வசனமே, “விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல.” முந்தின அதிகாரத்தில் பவுல் இன்னும் ஒரு காரியம் செய்கிறார். அந்தப் பணத்தைத் தானே தூக்கிக்கொண்டு போகாமல், சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட வைத்துக்கொள்கிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டுமாம் (8:19-21). பவுலுக்கே கூட ஒரு ஆள் தேவைப்பட்டது.

எனவே சபையில் கேளுங்கள்: காணிக்கையை எத்தனை பேர் சேர்ந்து எண்ணுகிறார்கள்? கியூஆர் கோடில் போடும் பணம் டிரஸ்ட் கணக்குக்குப் போகிறதா, போதகரின் சொந்தக் கணக்குக்கா? ஆடிட் செய்த வரவு செலவு சபையாருக்குக் காட்டப்படுகிறதா? பழைய சபைகளில் எண்ணுகிறவர்கள் நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். (அங்கே மட்டும் தகராறு இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது, கோர்ட் வரைக்கும்.)

இந்தப் பிரச்சினை புதிதுமல்ல. ஆதிச் சபையின் ‘டிடாகே’ என்ற போதனை நூல் 1873-ல் ஒரு கையெழுத்துப் பிரதியில் கிடைத்தது. அதன் 11ஆம் அதிகாரம், ஊர் ஊராக வரும் ஊழியன் மூன்று நாள் தங்கினால் கள்ளன் என்கிறது. புறப்படும்போது அப்பம் மட்டும் வாங்கலாம். பணம் கேட்டால் கள்ளன். ‘ஆவியில்’ பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், இல்லாதவர்களுக்காகக் கேட்டாலன்றி.

ஒரு எச்சரிக்கை. ஞானஸ்நானம் தெளிப்பா முழுக்கா, அந்நியபாஷை உண்டா இல்லையா என்பதற்கெல்லாம் ‘துருபதேசம்’ (கள்ள உபதேசம்) என்று முத்திரை குத்தும் யூடியூப் சேனல்கள் பெருகிவிட்டன. அந்தப் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். கிறிஸ்து யார், இரட்சிப்பு எப்படி வருகிறது, அதற்கு விலை உண்டா என்பவற்றில் கை வைத்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். பணம் கொடுத்தால் தேவன் கடமைப்படுவார் என்பது மூன்றாவதில் கை வைப்பது.

அம்மாவிடம் போதகரைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம்; எடுத்தால் அவர் போதகர் பக்கம்தான் நிற்பார். 3 யோவானை அவரையே வாசிக்கச் சொல்லி, அந்தத் தியோத்திரேப்பு யாரம்மா என்று மட்டும் கேளுங்கள். வகுப்பில் பாடம் எடுத்தவர், அவருக்குப் புரியும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். அம்மா சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா? விசுவாசத்தால் நிறுத்து என்று அங்கே யாராவது சொல்லியிருந்தால், வேத ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வழியில் 2 தீமோத்தேயு 4:20-ஐச் சொல்லலாம்: பவுல் தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிக்காரனாகவே விட்டுவிட்டு வந்தார். அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்று பவுல் ஒரு வார்த்தை எழுதவில்லை.