கருத்தும் நோக்கமும் ஒன்றல்ல, தங்கச்சி

எக்ஸ்-கதிரால் உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் கருவி பற்றிய கட்டுரையில் ஆசிரியரின் கருத்துக்கும் நோக்கத்துக்கும் ஒரே விடைதான் வருகிறது என்று கல்முனையிலிருந்து கேட்டிருந்தீர்கள். அவர் எதில் அதிக நேரம் நிற்கிறார் என்று பாருங்கள். 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது, 1979இல் இந்தக் கருவிக்கு வழிவகுத்த ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது, எல்லாம் இரண்டே வரி. ஆனால் பொத்துவிலில் விடியமுன் பஸ் ஏறி, மட்டக்களப்புக்கு ஸ்கேன் எடுக்க வரும் தாய்க்கு ஒரு முழுப் பக்கம், மடியிலிருக்கும் ரிப்போர்ட் உறை கசங்குவது வரைக்கும். கருவியின் பெருமையை மட்டும் சொல்ல வந்தவர் இப்படி எழுதுவாரா?

சரி, இந்தக் கருவி உயிர் காக்கிறது என்பது கருத்து. தூரத்து ஊர்களுக்கும் அது கிட்டவேண்டும் என்று நம்மை ஒப்புக்கொள்ள வைப்பது நோக்கம். சான்று கேட்டால் அந்தப் பயணப் பந்தியையே எடுத்துக் காட்டுங்கள்.