பெரிய வீடு இருக்கிறது, நாய்க்கு வேலை இருக்கிறதா?

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் பள்ளத்தூரில் பூர்வீக வீட்டில் இருக்கிறோம். எனக்கு 64 வயது, அவருக்கு 71. பெங்களூரில் இருக்கும் மகன், "அவ்வளவு பெரிய வீட்டில் நீங்கள் இரண்டு பேர்தான், காவலுக்கு இருக்கட்டும்" என்று ஒரு பெல்ஜியன் மலினாய்ஸ் ஆண் குட்டியை வாங்கி விட்டுப் போனான். இப்போது அதற்குப் பத்து மாதம். தேக்குக் கதவைப் பிராண்டி வைத்திருக்கிறது. லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகள் ஓடினால் குதிகாலைக் கவ்வுகிறது. பயந்துபோய்ப் பின்கட்டில் சங்கிலி போட்டுவிட்டோம். ராத்திரி முழுக்கக் குரைக்கிறது. "வளர்ந்தால் அடங்கிவிடும்" என்கிறான் மகன். பங்காளி ஒருவர், முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு மட்டும் திறக்கும் தன் வீட்டுக்குக் காவலாகக் கேட்கிறார். இன்னொருவர் தன் பெட்டை நாயோடு ஜோடி சேர்க்கக் கேட்கிறார். கட்டி வளர்ப்பதா, கொடுத்துவிடுவதா?

- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது மூர்க்கமான நாயாகத் தெரியவில்லை. செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் தவிக்கிற நாய்.

மலினாய்ஸ், பெல்ஜியத்தில் ஆட்டு மந்தை மேய்க்க உருவான இனம். விலகி ஓடும் ஆட்டைத் துரத்தி மடக்குவது அதன் ரத்தத்தில் ஊறியது. ஓடும் பிள்ளையின் குதிகாலைக் கவ்வுவது பெரும்பாலும் அந்தப் பழக்கம்தான். சி.ஆர்.பி.எஃப்., இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை போன்றவை இதை விரும்பி வைத்திருப்பதற்கும் காரணம், எவ்வளவு வேலை வாங்கினாலும் சலிக்காது என்பதே. ஆனால் அங்கே ஒவ்வொரு நாயோடும் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார். அதன் பயிற்சியும் வேலையும் ஓய்வும் அவர் கையில். நாய் மதில் தாண்டும் வீடியோவைப் பார்த்துவிட்டுக் குட்டி வாங்குகிறவர்கள் கண்ணில் அந்த ஆள் படுவதே இல்லை.

"வளர்ந்தால் அடங்கிவிடும்" என்பதை நம்பி இருக்காதீர்கள். பத்து மாதம் என்பது இதற்கு விடலைப் பருவம். இரண்டு வயது வரைக்கும், சில நாய்களுக்கு மூன்று வயது வரைக்கும் இந்த வேகம் குறையாது. பலம் மட்டும் கூடிக்கொண்டே போகும். வளர்ந்த ஆண் நாய் 25 முதல் 30 கிலோ இருக்கும். 12, 14 வருஷம் உயிர் வாழும். அதன் கடைசிக் காலத்தில் உங்கள் வீட்டுக்காரருக்கு எண்பது தாண்டியிருக்கும். இதை மகனோடு உட்கார்ந்து பேசுங்கள். போனில் வேண்டாம், நேரில் வரச் சொல்லுங்கள்.

வீடு பெரிசு, இடத்துக்கு என்ன குறை என்று நம் பக்கம் நிறையப் பேர் கேட்கிறார்கள். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கிற வீடுகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாய் தனியாக அங்கே ஓடி விளையாடிக் களைத்துவிடாது. ஆள் வரும் கதவுப் பக்கம் படுத்துக் காத்திருக்கும். பொறுமை போனால் அந்தக் கதவைத்தான் பிராண்டும். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஓடவிடுவதும் சரியில்லை. ஆத்தங்குடி டைல்ஸில் வேகமாகத் திரும்பும்போது கால் வழுக்கும், மூட்டுக்குக் கெடுதல். நடமாடும் இடத்தில் பழைய ஜமுக்காளத்தையாவது விரித்துவிடுங்கள்.

சங்கிலியை முதலில் அவிழ்க்க வழி பாருங்கள். நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கும் நாய்க்குப் பயமும் ஆத்திரமும்தான் வளரும். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்குப் போதுமான நடமாட்டம் கொடுக்காமல் இருப்பதைக் குற்றம் என்றே சொல்கிறது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. பின்கட்டில் நிழலான ஒரு பகுதியை உயரமான கம்பிவலை போட்டு அடைத்தால் போதும். அங்கேயும் பகல் முழுக்கத் தனியாக விடக் கூடாது.

அடுத்து, அதற்கு வேலை கொடுப்பது. வெறுமனே ஓடவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். தினமும் பந்து எறிந்து எறிந்து ஓடவிட்டால் இன்னும் தூரம் ஓடக்கூடிய நாய்தான் கிடைக்கும், அமைதியான நாய் கிடைக்காது. இதற்கு மூளைக்கு வேலை வேண்டும். சாப்பாட்டைத் தட்டில் போடாமல் தூண்களுக்குப் பின்னாலும் சாக்குக்கு அடியிலும் சிறிது சிறிதாக ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள். கால் மணி நேரம் மோப்பம் பிடித்துத் தேடினால் நாய் தானாகப் போய்ப் படுக்கும். ஒரு சாக்கை விரித்து, அதில் அமைதியாகப் படுத்திருந்தால் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். உட்கார், நில், விடு, வா எல்லாம் இப்படியே, ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. இதை நீங்களே உட்கார்ந்த இடத்தில் செய்யலாம் ஆச்சி. அடிக்கவே கூடாது. ஷாக் கொடுக்கும் பெல்ட்டை யார் சொன்னாலும் வாங்காதீர்கள். பயத்தில் அடங்கிய நாய் என்றைக்குக் கடிக்கும் என்று சொல்ல முடியாது.

நடை வேறு. அதற்குத் தெம்பான ஆள் வேண்டும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பும், சாயங்காலம் தார் ரோடு ஆறின பிறகும் முக்கால் மணி நேரமாவது செம்மண் பொட்டலில் இருபது முப்பது அடி நீளக் கயிற்றோடு கூட்டிப்போக வேண்டும். கயிறு இல்லாமல் விட்டால் ஆட்டுக்குட்டியையோ மயிலையோ துரத்திவிடும், அப்புறம் ஆட்டுக்காரரிடம் பேச நமக்கு முகம் இருக்காது. கத்திரி வெயிலில் இந்த இனம் தானாக நிறுத்தாது. நாம்தான் நிறுத்த வேண்டும். நாக்கு தொங்கி, ஈறு ரொம்பச் சிவந்து, எச்சில் கெட்டியாகித் தள்ளாடினால் வெப்ப அதிர்ச்சி. நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள்.

பேரப்பிள்ளைகள் வந்தால் நாயோடு தனியாக ஒரு நிமிஷம்கூட விடக் கூடாது. எவ்வளவு நல்ல நாயானாலும் இதுதான். பல் பட்டுத் தோல் கிழிந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய்க்கு வெறிநோய் ஊசி போட்டிருந்தாலும் போக வேண்டும். அதற்கு வருஷா வருஷம் ஊசி தவறக் கூடாது.

சரி, வைத்துக்கொள்வதா, கொடுப்பதா? தினமும் இரண்டு வேளை கூட்டிப்போக நம்பகமான ஆளை மகன் சம்பளம் கொடுத்து அமர்த்தி, நல்ல டிரெய்னரையும் ஏற்பாடு செய்தால் மூன்று மாதம் பார்க்கலாம். இல்லை என்றால் கொடுத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முடியாமல் பத்து வருஷம் கட்டிப்போடுவதுதான் பாவம். முதலில் மகனிடம் கேளுங்கள், வாங்கியது அவர். அவராலும் முடியாவிட்டால், இந்த இனத்தை ஏற்கெனவே வளர்த்துப் பழகியவர், பயிற்சி கொடுக்கிறவர் யாராவது கிடைப்பார்கள். அவர் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். குதிகாலைக் கவ்வும் பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். ஊசி போட்ட நோட்டையும் கையில் கொடுங்கள்.

பங்காளி வீட்டுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். நம் ஊர்களில் எத்தனையோ பூட்டிய வீடுகளின் பின்கட்டில், காலையும் மாலையும் ஒருவர் எட்டி நின்று சோறு வைத்துவிட்டுப் போக, வேறு மனித முகமே பார்க்காமல் நாய்கள் கிடக்கின்றன. மலினாய்ஸுக்கு அது சித்திரவதை. ஒருநாள் அது மதில் தாண்டித் தெருவில் யாரையாவது கடித்தால், அலட்சியமாக விட்டதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆளில்லாத வீட்டுக்கு நல்ல பூட்டும் கேமராவும் வாட்ச்மேனும் போதும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஜோடி சேர்க்கக் கேட்டவருக்கும் முடியாது என்றே சொல்லிவிடுங்கள். ஒரு ஈற்றில் ஏழெட்டுக் குட்டி பிறக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இந்த வேலையெல்லாம் செய்ய ஆள் எங்கே? கருத்தடை ஆபரேஷனை எந்த வயதில் செய்யலாம் என்று அடுத்த ஊசிக்குப் போகும்போது உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.